சின்னக் கைகளும் மாவும்: பிள்ளைக் காம்பராவுக்கு ஓர் உணவுப் பாடம்

நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா எனப் பரந்து கிடக்கும் இத்தேயிலைத் தோட்டங்களில் கோதுமை மா புழங்காத லயக் காம்பராவைக் காண்பதரிது. அரிசிப் பானை வெறுமையாக இருக்கும் நாளிலும் மா வாளியின் அடியில் இரண்டு கைப்பிடி மா இருக்கும். பெரட்டுக்குப் போகுமுன் இருட்டோடு எழும்பும் தாய் அந்த மாவைப் பிசைந்து, தட்டி, சுட்டு, சம்பலோடு கட்டிக்கொண்டு மலைக்குப் போகிறாள். பக்கத்தில் தூக்கக் கலக்கத்தோடு குந்தியிருக்கும் மூன்று வயதுப் பிள்ளை ஒரு துண்டு மாவுக்குக் கை நீட்டுகிறது. நேரம் இருந்தால் தாய் கிள்ளிக் கொடுப்பாள். நேரம் இல்லாவிட்டால் கையில் ஒரு தட்டுத்தான் கிடைக்கும்.

பிள்ளை கேட்ட அந்தத் துண்டு மாவைப் பற்றியதே இப்பாடம். சின்னப் பிள்ளைகள் தங்கள் கையால் உருட்டி, தட்டி, வடிவம் செய்து, பின்னர் அதனையே உண்ணக்கூடிய எளிய கைவேலைகளை எமது பிள்ளைக் காம்பராக்களிலும் முன்பள்ளிகளிலும் எவ்வாறு செய்விக்கலாம் என்பதை இங்கு பார்ப்போம். இன்று பிள்ளைக் காம்பராவைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று அழைக்கிறோம். பெயர்ப்பலகை மாறிய எல்லா இடங்களிலும் உள்ளே நடப்பதும் மாறிவிட்டது என்று சொல்வதற்கில்லை. பல இடங்களில் பிள்ளைகள் தொட்டிலில் தூங்கி எழும்பி, சாப்பிட்டு, மறுபடியும் தூங்குகிறார்கள். வேறு சில இடங்களில் மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து ‘அ’ எழுத வைக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் செய்யத்தக்க வேலைகள் எத்தனையோ இருக்கின்றன.

சாப்பாட்டில் விளையாடலாமா?

தாய்மார் கூட்டங்களில் இவ்விடயத்தை எடுத்தால் முதலில் எழும்புவது ஒரு பாட்டியின் குரலாகவே இருக்கும். “சாப்பாட்ட வச்சு வெளையாடக் கூடாது சாமி, பாவம்” என்பார். இதனைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடக் கூடாது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டை அனுபவித்தவர்கள் இன்னும் எம்மத்தியில் இருக்கிறார்கள். அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டு, மாவும் கிடைக்காமல், மரவள்ளிக் கிழங்கும் கீரையும் தின்று நாட்களைக் கழித்த காலம் அது. அக்காலத்தில் தோட்டங்களில் மரண வீதம் சடுதியாக ஏறியது. பசியால் செத்தவர்களைத் தம் லயத்திலேயே கண்டவர்களுக்கு, பிள்ளை மாவை உருட்டி விளையாடுவது உறுத்தத்தான் செய்யும். 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மா விலை எட்டாத உயரத்துக்குப் போனபோது இளந்தாய்மாருக்கும் அந்த உறுத்தல் விளங்கியது.

ஆகவே பாட்டியின் பேச்சை நாம் ஏற்றுக்கொள்வோம். ஏற்றுக்கொண்டு, அதிலிருந்தே ஒரு சட்டத்தை வகுத்துக்கொள்வோம்: பிள்ளையின் கையில் கொடுக்கும் உணவு பிள்ளையின் வயிற்றுக்கே போக வேண்டும். குப்பைக்குப் போகும் எந்த வேலையும் உணவுக் கைவேலை ஆகாது. முன்பள்ளிகளில் அரிசி, பருப்பு, பயறு ஆகியவற்றைப் பசை தடவி மட்டையில் ஒட்டி மயிலும் மாம்பழமும் செய்யும் வழக்கம் உண்டு. கண்காட்சி முடிந்தபின் அது மூலையில் கிடந்து எலி தின்னும். எமது பிள்ளைகள் மத்தியில் இதைச் செய்யவே கூடாது என்பது என் எண்ணம். ஒட்டுவதற்குக் காய்ந்த இலை, தேயிலை விதை, கல், மரப்பட்டை என்று தோட்டத்தில் எவ்வளவோ கிடக்கின்றன. பருப்பு கறிச்சட்டிக்குரியது.

 பத்து மணிக்கு எப்படியும் கொடுக்கப்போகும் சிற்றுண்டியைப் பிள்ளைகளே செய்யட்டும் என்பதுதான் இதன் முழு விடயமும்.

புதிதாக வந்த ஒன்றல்ல

மணலில் சிறு வீடு கட்டி மணற்சோறு ஆக்கி விளையாடியதை எமது பழைய இலக்கியம் சிற்றில் என்றும் சிறுசோறு என்றும் பேசுகிறது. பிள்ளைத்தமிழில் சிற்றில் ஒரு பருவமாகவே வைக்கப்பட்டுள்ளது. மணற்சோற்றிலிருந்து உண்மைச் சோற்றுக்கு வந்தால் அது கூட்டாஞ்சோறு. ஆளுக்கொரு பிடி அரிசியும் ஒரு காயும் கொண்டுவந்து பிள்ளைகள் கூடிச் சமைத்த நாட்களைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்லுவார்கள்.

கொழுக்கட்டையைப் பாருங்கள். பிடிகொழுக்கட்டையில் விரல்களின் அச்சு அப்படியே பதிந்திருக்கும். இது அம்மா பிடித்தது, இது தங்கச்சி பிடித்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கு முதற்பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை அவிக்கிறார்கள். கொழுக்கட்டையின் விளிம்பில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போல் வெட்டிப் பதித்து அவித்து, குழந்தையின் தலையில் கொட்டும்போது சுற்றியிருக்கும் பிள்ளைகள் பொறுக்கி உண்பார்கள். உண்ணக்கூடிய கைவேலைக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எங்கே தேடுவது? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பெண்கள் ஏந்திவரும் மாவிளக்கும் இந்த வகைதான். அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, குழித்து, நெய்யூற்றித் திரியேற்றிய விளக்கு, பூசை முடிந்தபின் பகிர்ந்துண்ணும் உணவாகிறது.

வெளியுலகிலும் இது உண்டு. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாடுகளான எக்குவடோர், பெரு, பொலிவியா முதலியவற்றில், இறந்தோர் நினைவு நாளையொட்டி நவம்பர் தொடக்கத்தில், துணியில் சுற்றிய குழந்தையின் வடிவில் பாண் சுடுகிறார்கள். அதன் பெயரான குவாகுவா என்பது அம்மலைமக்களின் கெச்சுவா மொழியில் குழந்தையைக் குறிக்கும் சொல். எம்மைப் போன்ற மலைநாட்டு ஏழை மக்களே அவர்களும்.

கல்விமான்கள் இதனைப் பின்னர்தான் கண்டுகொண்டார்கள். ஜேர்மனியில் 1837 இல் சிறுவர்களுக்கென நிலையம் தொடங்கி, 1840 இல் அதற்குப் ‘பிள்ளைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டிய பிரெட்ரிக் புரோபல், பிள்ளைகளுக்கென வகுத்த வேலைகளில் ஊறவைத்த பட்டாணியும் குச்சியும் கொண்டு வீடு, கதிரை, ஏணி கட்டுவதும் ஒன்று. பட்டாணிதான் மூட்டு, குச்சிதான் கால். இத்தாலிய மருத்துவரான மரியா மொன்டிசோரி அம்மையார் 1939 இல் இந்தியாவுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் அங்கே தங்கி, 1944 இல் இலங்கையிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். பொம்மைச் சட்டியில் பொய்ச் சமையல் செய்வதைவிட, உண்மையான கோப்பையில் உண்மையான தண்ணீரை ஊற்றுவதையே பிள்ளை விரும்புகிறது என்பது அவர் கண்ட உண்மை. எமது ஊர்களில் முன்பள்ளி என்றாலே ‘மொண்டிசோரி’ என்பார்கள். அவருடைய பெயரை மாட்டிய பலகைக்குக் கீழே பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருப்பதை அவர் கண்டால் என்ன சொல்வாரோ.

கை என்ன படிக்கிறது?

மாவைக் கையில் எடுத்த பிள்ளையைக் கவனியுங்கள். இரண்டு வயதுப் பிள்ளை உள்ளங்கையால் அடிக்கும், முழுக்கையால் நசுக்கும். மூன்று வயதில் இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பாம்புபோல் உருட்டும். உருண்டையாக உருட்டுவது அதைவிடக் கடினம். அதற்கு இரண்டு கைகளும் வட்டமாகச் சுழல வேண்டும், பலருக்கு அது நான்கு வயதை ஒட்டியே கைவரும். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி ஒரு காதையோ மூக்கையோ இழுத்தெடுப்பது அதற்கும் பிந்தியது. இந்தக் கிள்ளும் பிடிதான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப்போகும் பிடி. கை தயாராகுமுன் எழுத வைத்தால் விரல் நோகும், எழுத்து வெறுத்துப்போகும். “என் பிள்ளை இன்னும் எழுதவில்லையே டீச்சர்” என்று வரும் தாயிடம், பிள்ளை செய்த கொழுக்கட்டையைக் காட்டி இதை விளக்கலாம். கொழுந்து கிள்ளும் தாய்க்கு விரலின் அருமை பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த விரல்களின் திறமையைத் திறமை என்று ஒருவரும் சொல்லாததுதான் குறை.

கையோடு மொழியும் வளர்கிறது. மாவுக்குக் கை செய்வதைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள்! குழை, பிசை, உருட்டு, தட்டு, அழுத்து, கிள்ளு, பிடி, மடி, நீட்டு, தடவு, வழி, உதிர். இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு அசைவு. ஆசிரியை வேலை செய்துகொண்டே இச்சொற்களைச் சொல்ல, பிள்ளை காதாலும் கையாலும் ஒரே நேரத்தில் படிக்கிறது. மா இறுக்கமா இளக்கமா, சூடா இளஞ்சூடா, யாருடையது நீளம், இன்னும் எத்தனை வேண்டும் என்று கேளுங்கள். கணக்கும் விஞ்ஞானமும் அதற்குள் வந்துவிடும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: “இது என்ன?” என்று அவசரப்பட்டுக் கேட்க வேண்டாம். சின்னப் பிள்ளை முதலில் உருட்டும், பிறகுதான் அது என்னவென்று தீர்மானிக்கும். “இதைப் பற்றிச் சொல்லு தம்பி” என்றால் போதும்.

செய்முறை

பன்னிரண்டு பிள்ளைகளுக்கு அளவு சொல்கிறேன். கூட்டியும் குறைத்தும் கொள்ளுங்கள்.

முதலாவதாகக் கொழுக்கட்டை. வறுத்த அரிசி மா மூன்று கோப்பை, சிவப்பரிசி மாவென்றால் நல்லது. சிறிது உப்புச் சேர்த்து, கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறிக் குழையுங்கள். இரண்டு முதல் இரண்டரைக் கோப்பைத் தண்ணீர் பிடிக்கும். இந்த வேலை பெரியவர்களுக்குரியது, பிள்ளைகள் எட்ட இருக்கட்டும். மா இளஞ்சூட்டுக்கு வந்தபின் ஆளுக்குத் தேசிக்காய் அளவில் இரண்டு உருண்டை கொடுங்கள். உள்ளே வைப்பதற்கு, வறுத்து அவித்த பயறு ஒரு கோப்பை, அரைத் தேங்காயின் பூ, சீவிய சர்க்கரை முக்காற் கோப்பை. ஒரு உருண்டையைத் தட்டி, பயறு வைத்து மடிக்கப் பெரிய பிள்ளைகளால் முடியும். சின்னவர்களுக்குப் பயறையும் தேங்காய்ப்பூவையும் மாவோடு சேர்த்துக் குழைத்தே கொடுத்துவிடுங்கள், அவர்கள் பிடிகொழுக்கட்டை பிடிக்கட்டும். ஆவியில் பதினைந்து நிமிடம் வைத்தால் மேற்பரப்பு மினுமினுக்கும், கையில் ஒட்டாது. அதுவே வெந்ததற்கு அடையாளம். யாருடையது எது என்று அறிய வாழையிலைத் துண்டில் வைத்து, இலையின் ஓரத்தில் கிழித்து அடையாளமிடலாம்.

வறுத்த அரிசி மா இறுகி நிற்கும், ஆனால் நீட்டினால் வெடிக்கும். ஆகையால் மீன், இலை, பிறை போன்ற தட்டை வடிவங்களே அதற்குப் பொருத்தம். ஆட்டுக்குட்டியும் மாடும் வேண்டுமென்றால் கோதுமை மாவுக்குப் போக வேண்டும்.

ரொட்டி மாவுக்கு அரைக் கிலோ கோதுமை மா, அரைத் தேங்காயின் பூ, துருவிய கரட் இரண்டு அல்லது பொடியாக அரிந்த முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, ஒரு தேக்கரண்டிக்குக் குறைவான உப்பு. தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும், கரட்டும் தண்ணீர் விடும். குழைத்துக் கால் மணித்தியாலம் மூடி வைத்தால் மா பணியும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தலை வேறு, கால் வேறு என்று செய்து ஒட்டினால் சுடும்போது கழன்று விழும், பிள்ளை அழும். ஒரே துண்டு மாவைத் தட்டி, கரண்டி விளிம்பால் நான்கு வெட்டு வெட்டி, கால்களை வெளியே இழுக்கப் பழக்குங்கள். தடிப்பு அரைச் சென்ரிமீற்றருக்கு மேல் போனால் நடுவில் மா வேகாது. சிறு தீயில் தோசைக்கல்லில் இரு பக்கமும் சுட்டெடுங்கள். பச்சைக் கோதுமை மாவை வாயில் போட விடக் கூடாது. வேகாத மாவில் வயிற்றோட்டம் உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். “சுட்டால்தான் சாப்பாடு” என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்.

நிறத்துக்குக் கடைத் தூள் வேண்டாம். பீட்றூட் சாறு, அரைத்த கீரைச் சாறு, மஞ்சள் ஆகிய மூன்றும் போதும். பீட்றூட் நிறம் வேகும்போது மங்கும். சில துளி தேசிக்காய்ப் புளி சேர்த்தால் ஓரளவுக்கு நிற்கும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளுக்கும் அப்படியே. ஒரு கிலோ உருளைக்கிழங்கை அவித்து, தோலுரித்து, சிறிது பாலும் உப்பும் சேர்த்துப் பிள்ளைகளையே மசிக்க விடுங்கள். ஒவ்வொருவருக்கும் தட்டில் ஒரு குவியல். அதுதான் மலை. பொடியாக அரிந்து வதக்கிய லீக்ஸையோ வல்லாரையையோ கிள்ளிக் கிள்ளி வைத்தால் தேயிலைச் செடி. மெல்லிதாகச் சீவி அவித்த கரட் பாதை. குழைய அவித்த பருப்பை நடுவில் ஊற்றினால் ஆறு. அவித்த முட்டை மஞ்சட் கரு மலைக்குப் பின்னால் எழும் சூரியன். நோர்வூட்டிலிருந்து கெஹெல்கமு ஓயாவையும் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும் பார்த்து வளரும் பிள்ளைக்கு இது படத்திலுள்ள மலை அல்ல, சொந்த மலை. உங்கள் லயம் எங்கே, அம்மா எந்த மலையில் கொழுந்தெடுக்கிறார், தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேளுங்கள். வாய் திறக்காத பிள்ளையும் விரலால் காட்டும். மழைக்கு மண் சரிந்த இடத்தைக் கிழங்கில் இடித்துக் காட்டும் பிள்ளையும் உண்டு. சொல்லை வாசிக்குமுன் மனிதன் தன் உலகை வாசிக்கிறான் என்று பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவுலோ பிரேயர் வளர்ந்தவர்களைப் பற்றிச் சொன்னது நான்கு வயதுப் பிள்ளைக்கும் பொருந்தும். பிறகு, தன் மலையைத் தானே தின்று முடிப்பதில் அதற்கு இருக்கும் சந்தோஷம் தனி.

திரிபோஷ மாவிலும் உருண்டை பிடிக்கலாம். 1973 முதல் இந்நாட்டுத் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் வழங்கப்பட்டுவரும் அந்தச் சோள, சோயா மா முன்பே வேகவைத்துத் தயாரிக்கப்படுவதால், கொதித்தாறிய தண்ணீர் சிறிதும் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து அப்படியே உருட்டி உண்ணலாம். ஆனால் அது இன்ன பிள்ளைக்கு என்று குடும்ப நல உத்தியோகத்தர் கொடுத்த பங்கு. அதனை நிலையத்தில் எல்லோருக்குமாக உருட்டினால் உரிய பிள்ளைக்குக் குறைந்துவிடும். ஆகவே இதை வீட்டில் செய்யும்படி தாய்க்குக் காட்டிக் கொடுப்பதே முறை.

கவனிக்க வேண்டியவை

கை கழுவுதல் பாடத்துக்கு முன் செய்யும் சடங்கு அல்ல, பாடத்தின் முதற் பகுதி. சவர்க்காரம் போட்டு, விரலிடுக்கும் நகமும் தேய்த்து, இருபது எண்ணும் வரை கழுவட்டும். எண்ணுவதும் ஒரு படிப்புத்தான். பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே மா குழைக்கவும் குடிக்கவும் எடுக்க வேண்டும். இருமல், வயிற்றோட்டம் உள்ள பிள்ளையை விலக்கி உட்கார வைத்து மனம் நோகச் செய்யத் தேவையில்லை. தன் மாவைத் தானே உண்பது என்ற ஒழுங்கு எல்லோருக்கும் இருந்தால் தொற்றும் வாய்ப்புக் குறையும்.

சின்னப் பிள்ளைக்கு மூச்சுக்குழாய் சிறிது. முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, பச்சைக் கரட் வட்டம், கடினமான தேங்காய்ச் சொட்டு என்பன நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆபத்து. கரட்டைத் துருவுங்கள் அல்லது நன்றாக அவியுங்கள். பல்லுக்கொழுக்கட்டையின் தேங்காய்ப் பல்லைச் சிறு பிள்ளைக்குக் கொடுக்குமுன் எடுத்துவிட வேண்டும். புரோபலின் பட்டாணி வேலையை ஐந்து வயது கடந்தவர்களோடு மட்டும் செய்யலாம். பட்டாணிக்குப் பதில் அவித்த உருளைக்கிழங்குத் துண்டும், முனை ஒடித்த தென்னை ஈர்க்கும் போதும். உண்ணுமுன் ஈர்க்குகளை எண்ணித் திரும்ப வாங்குங்கள். எல்லோரும் உட்கார்ந்தே உண்ண வேண்டும், ஓடிக்கொண்டு உண்பதில்தான் விக்கும். எந்தப் பிள்ளைக்கு முட்டை, பால், கடலை ஒத்துக்கொள்ளாது என்பதைத் தாயிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

உப்பு மா என்றொன்று உண்டு. கோதுமை மாவோடு பாதியளவு உப்பைக் கலந்து, கெடாமல் வைத்து விளையாடுவதற்காகச் செய்வது. சில பயிற்சி வகுப்புகளில் இதனைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவ்வளவு உப்பை ஒரு சிறு பிள்ளை விழுங்கினால் உயிருக்கே மோசம். பசியோடிருக்கும் பிள்ளைகள் உள்ள இடத்தில், பார்வைக்கு ரொட்டி மாவைப் போலவே இருக்கும் ஒன்றை மேசையில் வைப்பது நியாயமில்லை.

அடுப்பு, கொதிநீர், எண்ணெய் ஆகியவற்றுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில் எப்போதும் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். பொரிக்கும் பலகாரம் எதுவும் இப்பாடத்தில் சேராததற்குக் காரணம் அதுவே.

தட்டில் என்ன இருக்கிறது?

2016 ஆம் ஆண்டின் தேசிய சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17.3 வீதம். தோட்டத்துறையில் அது 31.7 வீதம். மூன்று பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்று. இது ஒரு வேளைப் பட்டினியால் வருவதன்று. தாயின் வயிற்றில் தொடங்கி, முதலிரண்டு வயதில் வலுப்பட்டு, பிறகு எளிதில் ஈடுசெய்ய முடியாத குறை. கிழங்கில் மலை செய்வதால் இது தீரும் என்று நான் சொல்ல வரவில்லை. கூலி, வீடு, குடிநீர், மலசலகூடம், தாயின் ஓய்வு எல்லாம் இதில் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேசாமல் தாய்மாருக்குப் போஷாக்கு வகுப்பு மட்டும் எடுப்பது அவர்களையே குற்றவாளியாக்குவதாகும்.

எனினும் பிள்ளைக் காம்பராவின் பத்து மணிச் சிற்றுண்டி எம் கையில் இருக்கிறது. ரொட்டியும் சாயத்தண்ணியும் வயிற்றை நிரப்பும், உடம்பைக் கட்டாது. அதே ரொட்டி மாவில் கீரையும் முட்டையும் பயறும் சேர்ந்தால் கதை வேறு. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் அதிலுள்ள சாயப்பொருள் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுக்க விடாது. தேயிலை நாட்டில் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனால் சொல்லியே ஆக வேண்டும். சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணி தேவையே இல்லை. கீரை ரொட்டியோடு ஒரு துண்டு கொய்யாவோ, தேசிக்காய்த் தண்ணீரோ கொடுத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

புதிய காயைப் பிள்ளை முதல் தடவையில் துப்பிவிடும். எட்டுப் பத்துத் தடவை கண்ணிலும் கையிலும் பட்டபின்தான் வாய் ஏற்கும். இங்கேதான் கைவேலை உதவுகிறது. தட்டில் போட்டால் தள்ளிவிடும் கீரையை, தன் மலைக்குத் தேயிலை நட்ட பிள்ளை, யாரும் வற்புறுத்தாமலே சுவைத்துப் பார்க்கும். எமது மாவட்டத்தில் விளையும் கரட்டும் லீக்ஸும் கோவாவும் லொறி லொறியாகக் கீழ்நாட்டுக்கு இறங்கிப் போகின்றன. அவை எமது லயங்களின் தட்டுகளில் அரிதாகவே ஏறுவது விலையால் மட்டுமல்ல, பழக்கத்தாலும்தான். நிலையத்தின் பின்புறத்தில் இரண்டு பாத்தி வல்லாரையும், வேலியில் ஒரு சவ்சவ் கொடியும் போட இடமில்லாத தோட்டம் ஏது?

யார் செய்தது?

கடைசியாக ஆசிரியைகளுக்கு ஒரு வார்த்தை. பார்வையாளர் வரும் நாளில் பிள்ளையின் கோணல் மீனை எடுத்துவிட்டு, ஆயம்மா செய்த அழகான மீனை வைக்கும் பழக்கம் எம்மிடம் உண்டு. படமும் எடுக்கிறோம். பிள்ளைக்கு அது தெரியும். தன் கை போதாது என்று அதற்கு நாம் சொல்லாமல் சொல்லிவிட்டோம். இம்மலைநாட்டில் எமது மக்களுக்கு அதைச் சொன்னவர்கள் ஏற்கனவே போதுமான அளவு இருந்திருக்கிறார்கள். கோணல் மீன் கோணலாகவே வேகட்டும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இப்பாடத்தை நடத்தினால் போதும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தால் நல்லது. ஆள் போதாவிட்டால் பிள்ளைகளை இரு குழுவாக்கி நாள் மாற்றிச் செய்யலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு தாயும் தகப்பனும் சேர்ந்து வரும்படி அழையுங்கள். தகப்பன்மார் முதலில் வாசலில் நிற்பார்கள், பிறகு மாட்டுக்குக் கொம்பு வைக்க உள்ளே வருவார்கள். அன்று பாட்டிமாரையும் கூப்பிடுங்கள், எழுபத்து நாலாம் ஆண்டு என்ன தின்றார்கள், எப்படிச் சமைத்தார்கள் என்று பிள்ளைகளுக்கு அவர்கள் வாயாலேயே சொல்லட்டும்.

கூட்டத்தில் பேசுவதற்குச் சில கேள்விகள்: எமது நிலையத்தில் இந்த மாதம் பிள்ளைகள் பத்து மணிக்கு என்னென்ன உண்டார்கள்? அதில் பிள்ளைகளின் கை பட்டது எது? வீட்டில் பிள்ளை மாவுக்குக் கை நீட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? நிலையத்துக்கு ஒரு ஆவிச்சட்டியும் பன்னிரண்டு தட்டும் தேவையென்றால் தோட்ட நிர்வாகத்திடம் யார் போய்க் கேட்பது, என்றைக்கு?